மூன்று பொருள், ஒரு பெட்டி: பார்சல் செலவைச் சேர்த்துப் போடும் முறை

பாம்பன் நெத்திலிக் கருவாடு, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பு, ராமநாதபுரம் முண்டு வத்தல் (குண்டு மிளகாய் வத்தல்), ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை). ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை வீட்டிலிருந்தே போனில் விற்பவர்களுக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. பேச்சு நின்றுபோவது கடைசி வரியில்தான்: "கொரியர் சார்ஜ் தனி." கால் கிலோ நெத்திலி கேட்டவர் தபால் செலவைக் கேட்டதும் யோசிக்கிறார். நெத்திலி, கருப்பட்டி, வத்தல் மூன்றும் கேட்டவரிடம் மூன்று தபால் செலவு சொன்னால், அதற்குப் பிறகு அவரிடமிருந்து பதிலே வராது.

தபால் கவுன்டரில் யாரும் பொருளை எண்ணிக் காசு வாங்குவதில்லை, பெட்டியைத்தான் நிறுக்கிறார்கள். ஆகவே வாடிக்கையாளரிடம் வாங்கும் செலவும் பெட்டிக்குத்தான் இருக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு தராசு, ஒரு நோட்டு, விலை சொல்வதற்கு முன்பே முடிவு செய்து வைத்த ஒரு விதி இருந்தால் போதும்.

முதலில் எடை

1 கிராம் வரை காட்டும், 10 கிலோ தாங்கும் டிஜிட்டல் தராசு வாங்குங்கள். மீன் நிறுக்கும் பெரிய தராசு ஐந்து, பத்து கிராமாகத் தாவும். இந்த வேலைக்கு அது ஆகாது.

நிறுக்க வேண்டியது சரக்கை மட்டுமல்ல, கட்டிய பொட்டலத்தை. 250 கிராம் நெத்திலிக்கு உள்தாள், வேக்கம் கவர் (காற்றை உறிஞ்சி ஒட்டும் கவர்), லேபிள் எல்லாம் சேர்ந்து 290 கிராம் வரும். அரைக் கிலோ கருப்பட்டி 540, கால் கிலோ முண்டு வத்தல் 270. இவற்றை "அனுப்பும் எடை" என்று நோட்டில் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் லேபிளில் இருக்கும் 250-ஐயே கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டு, கவுன்டரில் கைக்காசு போடுவார்கள்.

அடுத்தது பெட்டி. மூன்று அளவு போதும்: 15×15×10 செ.மீ., 25×20×15 செ.மீ., 30×25×20 செ.மீ. மூன்று பிளை (மூன்று அடுக்கு) அட்டையில் செய்த சின்னப் பெட்டி, பிரவுன் டேப்பும் இடைவெளி அடைக்கும் செய்தித்தாளும் சேர்ந்து சுமார் 130 கிராம் இருக்கும். நடுப்பெட்டி 180, பெரியது 300. உங்கள் பெட்டிக்காரர் தரும் அட்டையைப் பொறுத்து இது மாறும், ஆகவே நிறுத்தே எழுதுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய பெட்டிகளை வைத்து ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அளவு ஒன்றுக்கொன்று ஒட்டாது, பிஸ்கட் பெட்டியில் போன கருப்பட்டி வழியிலேயே வாயைத் திறந்துவிடும்.

கட்டணம் எப்படி ஏறுகிறது

ஸ்பீட் போஸ்ட்டானாலும் தனியார் கூரியரானாலும் எடையைப் படிப்படியாகத்தான் கணக்கிடுகிறார்கள். முதல் படி விலை அதிகம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படியும் மலிவு. சேர்த்து அனுப்புவதில் லாபம் வருவது இந்த வித்தியாசத்தால்தான்.

கணக்குக்காக, முதல் 500 கிராமுக்கு 70 ரூபாய், அடுத்த ஒவ்வொரு 500 கிராமுக்கும் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக அனுப்பினால் நெத்திலி 290 + 130 = 420 கிராம், செலவு 70 ரூபாய். கருப்பட்டி 540 + 130 = 670 கிராம், இரண்டு படி, 100 ரூபாய். வத்தல் 270 + 130 = 400 கிராம், 70 ரூபாய். மொத்தம் 240. மூன்றையும் நடுப்பெட்டியில் வைத்தால் 1,100 + 180 = 1,280 கிராம். மூன்று படி, 70 + 30 + 30 = 130 ரூபாய். 110 ரூபாய் மிச்சம், இரண்டு பெட்டியும் டேப்பும் மிச்சம், கவுன்டரில் நிற்கும் நேரமும் மிச்சம்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 1,280 கிராம் பெட்டிக்கு 1,500 கிராமுக்கான காசு கொடுத்தாகிவிட்டது. மீதி 220 கிராம் இடம் சும்மா போகிறது. 150 கிராம் சென்னாகூனி, அதாவது காய்ந்த பொடி இறால், பொட்டலம் (அனுப்பும் எடை 175) ஒன்றைச் சேர்த்தால் 1,455, தபால் செலவு ஒரு பைசா கூடாது. கால் கிலோ வத்தல் இன்னொன்று சேர்த்தாலோ 1,550, அடுத்த படிக்குத் தாவி 30 ரூபாய் ஏறும். இந்த மீதி இடத்தை வாடிக்கையாளரிடம் சொல்வதுதான் சின்ன வியாபாரிக்கு இருக்கிற நல்ல விளம்பரம்.

படியின் விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுக்கும், கவுன்டர் தராசும் உங்கள் தராசும் பத்துப் பதினைந்து கிராம் வேறுபடும். 30 கிராமாவது குறைவாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையான கட்டணத்தை இந்தியா போஸ்ட் தளத்தில் உங்கள் பின்கோடு, அவர்கள் பின்கோடு, எடை போட்டுப் பாருங்கள். ஸ்பீட் போஸ்ட் கட்டணம் 2025 அக்டோபர் 1 முதல் மாறிவிட்டது. அதற்கு முந்தைய அட்டவணையை யாராவது அனுப்பினால் அழித்துவிடுங்கள். கட்டணம் தூரத்தைப் பொறுத்தும் மாறுகிறது, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். "தமிழ்நாடு முழுக்க ஒரே ரேட்" என்று போட்டுவிட்டு, ராமேசுவரத்திலிருந்து மதுரைக்குப் போகிற செலவை வைத்துச் சென்னைக்கும் கணக்குப் போட்டால் கை சுடும். மதுரை, சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி என்று ஐந்து ஊருக்கு, அரைக் கிலோ முதல் ஐந்து கிலோ வரை ஒருமுறை பார்த்து எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் அன்றாட வேலைக்குப் போதும்.

காற்றுக்கும் காசு

பெரும்பாலான கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஒரு எடை கணக்கிடுவார்கள். இதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். அதுவும் தராசு எடையும் வேறுபட்டால் எது அதிகமோ அதற்குத்தான் காசு. மேலே சொன்ன நடுப்பெட்டி 25×20×15 = 7,500. ஐந்தாயிரத்தால் வகுத்தால் 1.5 கிலோ. நம் பெட்டி அதே மூன்றாம் படிக்குள் நின்றுவிட்டது, தப்பித்தோம். பெரிய பெட்டியானால் 15,000 ÷ 5,000 = 3 கிலோ. அதற்குள் ஒரு கிலோ முண்டு வத்தல் மட்டும் போட்டு அனுப்பினால் மூன்று கிலோவுக்குக் கட்ட வேண்டியதுதான்.

நம் பக்கத்துச் சரக்கில் இந்த வலையில் சிக்குவது இரண்டு: முண்டு வத்தலும் ஓலைப் பொருளும். வத்தல் உருண்டையாக இருப்பதால் நடுவே காற்று தங்கும். அழுத்தினால் உடைந்து விதை கொட்டும், வாங்குபவர் தூள் வத்தல் என்று திருப்பி அனுப்புவார். கனமான கருப்பட்டியோடு ஜோடி சேர்ப்பதுதான் வழி. கருப்பட்டி அடியில், வத்தல் மேலே. ஒன்று எடையைத் தரும், மற்றது இடத்தை நிரப்பும், இரண்டு கணக்கும் சமமாக வரும்.

ஓலைக் கொட்டானைக் காலியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். சின்னதைப் பெரியதற்குள் வையுங்கள், அல்லது வத்தல், கருப்பட்டிப் பொட்டலங்களைக் கொட்டானுக்குள்ளேயே அடுக்குங்கள். கொட்டானும் நசுங்காது, காற்றுக்கும் காசு கட்ட வேண்டாம்.

எதை எதோடு சேர்க்கலாம்

கணக்கு எவ்வளவு சரியாக வந்தாலும் கருவாட்டு வாசம் அதை அடித்துவிடும். மேலே போட்ட உதாரணம் நெத்திலியும் கருப்பட்டியும் இரண்டுமே வேக்கம் பேக் ஆனவை என்று வைத்துப் போட்டது. வேக்கம் இயந்திரம் இல்லாதவர்கள் கருவாட்டை எதனோடும் சேர்க்கக் கூடாது, அதைத் தனிப் பெட்டியாகவே அனுப்புங்கள். நாறுகிற பார்சலைக் கவுன்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எடுத்துக்கொண்டாலும் தபால் பையில் கூடப் போகும் அடுத்தவர் துணி பாழாகும்.

வேக்கம் போட்டும் வாசம் வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் முள். கட்டா, பாறை, வாளைக் கருவாட்டின் செதில் முள்ளும் வால் நுனியும் காற்றை உறிஞ்சும்போது கவரைக் குத்திவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, மறுநாள் கவர் தளர்ந்திருக்கும். முள்ளையும் வாலையும் கத்தரியால் நறுக்கிவிட்டு, கெட்டித் தாளில் சுற்றி, கனமான கவரில் வேக்கம் போடுங்கள். அதன் மேல் இன்னொரு கவர் போட்டு ஒட்டுங்கள். பிறகு சோதனை: பொட்டலத்தை மூடியுள்ள எவர்சில்வர் தூக்குச் சட்டியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் திறந்ததும் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை என்றால் பெட்டிக்குள் போகலாம்.

ஓலைப் பொருளை மட்டும் எத்தனை கவர் போட்டாலும் கருவாட்டோடு அனுப்பாதீர்கள். ஓலை வாசத்தைக் குடித்துக்கொள்ளும், வெயிலில் போட்டாலும் போகாது. தொதலுக்கும் அதே விதி. அதில் தேங்காய் எண்ணெய் கசிவதால் எண்ணெய்த்தாளும் டப்பாவும் வேண்டும், செய்தித்தாளில் நேராகப் பட விடாதீர்கள். கருப்பட்டி ஈரக்காற்றில் வியர்த்துப் பிசுபிசுக்கும். தாளில் சுற்றிய எதுவும் அதன் பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

வாங்குபவர் சைவமா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரே முகவரிக்கு அக்கா கருவாடும் தங்கை கருப்பட்டியும் கேட்டிருக்கலாம். சேர்த்து அனுப்பினால் 70 ரூபாய் மிச்சமாகும், ஆனால் தங்கை இனி வாங்க மாட்டார்.

உணவுப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண், எடை, கட்டிய தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது இருக்க வேண்டும். ஒரே பெட்டியில் போவதால் வெளியே ஒரு லேபிள் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

"கூட ரெண்டு சிப்பி போட்டு விடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறைத் துண்டு, சில வகைச் சங்குகள் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடா ஓரத்தில் இருந்துகொண்டு தெரியாது என்று சொல்ல முடியாது. கரையில் கிடந்ததாயிற்றே என்றாலும் பெட்டியில் வைக்காதீர்கள்.

விதியை எப்படி வைப்பது

வழக்கில் இருப்பது மூன்று முறை. ஒன்று, மொத்த எடைக்கு உள்ள கட்டணத்தை அப்படியே வாங்குவது. இரண்டு, முதல் பொருளுக்கு முழுச் செலவு, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் இத்தனை ரூபாய் என்று வைப்பது. மூன்று, இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் தபால் செலவு இல்லை என்பது.

புதியவர்களுக்கு முதல் முறையே ஏற்றது. ஒரு வரியில் சொல்ல இரண்டாவது எளிது, ஆனால் எல்லாப் பொட்டலமும் ஏறக்குறைய ஒரே எடையாக இருந்தால்தான் சரிப்படும். கால் கிலோப் பொட்டலங்கள் மட்டும் விற்பவர் "முதல் பொட்டலம் 70, அடுத்தது ஒவ்வொன்றும் 20" என்று வைக்கலாம். அதே விதியில் ஒருவர் கால் கிலோ நெத்திலியோடு இரண்டு கிலோ கருப்பட்டியைச் சேர்த்துக் கேட்டால் போச்சு.

மூன்றாவதைப் பார்த்து எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், முதல் ஆறு மாதம் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்கு நல்ல நெத்திலி வாங்குபவரின் பெட்டியைவிட ஆயிரம் ரூபாய்க்கு முண்டு வத்தல் வாங்குபவரின் பெட்டி பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே சலுகை என்றால் ஒன்றில் வந்த லாபத்தை மற்றது தின்றுவிடும். டெல்லிக்காரர் வந்தால் இரண்டும் போகும். கட்டாயம் வைக்கத்தான் வேண்டும் என்றால் தமிழ்நாட்டுக்குள், மூன்று கிலோவுக்குள் என்று இரண்டு வேலி போடுங்கள்.

பெட்டி, டேப், கவர் செலவை எங்கே சேர்ப்பது என்பதிலும் ஒரே முறையைப் பிடியுங்கள். கவர் செலவு பொருளின் விலையிலும் பெட்டிச் செலவு தபால் செலவிலும் இருப்பது நேர்மையான பிரிவு, ஏனென்றால் சேர்த்து வாங்கும்போது பெட்டிச் செலவுதான் குறைகிறது. "பேக்கிங் சார்ஜ்" என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதினால் வாங்குபவர் முகம் சுளிப்பார்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: பொருளோடு சேர்த்து வாங்கும் தபால் செலவும் விற்பனை மதிப்பில் சேரும். பொருளுக்கு என்ன வரி விகிதமோ அதே விகிதம் அதற்கும்.

காத்திருக்கும் நேரம்

திங்கள் ஒன்று கேட்டவர் செவ்வாய் இன்னொன்று கேட்பார். அன்றன்றே கட்டி அனுப்பிவிட்டால் சேர்க்க வாய்ப்பே இருக்காது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கட்டும் நாள் என்று வையுங்கள். திங்களும் வியாழனும் சரியாக வரும். ஞாயிறு இரவு 8, புதன் இரவு 8 என்று கெடு சொல்லிவிடுங்கள். வெள்ளி, சனியில் அனுப்பும் உணவுப் பெட்டி ஞாயிற்றுக்கிழமையைப் பைக்குள்ளேயே கழிக்கும், வெயில் காலத்தில் தொதலுக்கு அது ஆகாது.

உங்கள் ஊர் அஞ்சலகத்தில் பை கட்டும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் மூடும் நேரம் வேறு, பை கிளம்பும் நேரம் வேறு. பை போன பிறகு பதிந்த பார்சல் இரவு அங்கேயே கிடக்கும்.

"பிறகு சொல்றேன், வச்சிருங்க" என்பவர்களுக்கு ஏழு நாள் கெடு. காசு வாங்காமல் எடுத்து வைக்க வேண்டாம்.

எப்படிச் சொல்வது

வாட்சப் கேட்டலாகில் (பொருள் பட்டியலில்) தேர்ந்தெடுத்து வாங்குபவர் கூடையை அனுப்பினாலும் தபால் செலவை அது கூட்டித் தராது. நீங்கள்தான் எழுத வேண்டும். பொருளின் விலை, தபால் செலவு, மொத்தம் மூன்றும் ஒரே செய்தியில், காசு வருவதற்கு முன்னால் போக வேண்டும்.

"லாத்தா, நீங்க கேட்டது நெத்திலி 250 ஒண்ணு, கருப்பட்டி அரைக் கிலோ ஒண்ணு, முண்டு வத்தல் 250 ஒண்ணு. மூணும் ஒரே பெட்டியில வருது, தபால் செலவு மொத்தமா 130 ரூபாதான். பெட்டியில இன்னும் ஒரு சின்னப் பொட்டலத்துக்கு இடம் இருக்கு, சென்னாகூனி 150 கிராம் போட்டா தபால் செலவு கூடாது. வேணும்னா புதன் ராத்திரி 8 மணிக்குள்ள சொல்லுங்க. வியாழக்கிழமை அனுப்பிருவோம்."

ஏற்கெனவே இரண்டு முறை தனித்தனியாகக் காசு போட்டுவிட்டவர்களுக்கு, அவர் கேட்பதற்கு முன்பே வித்தியாசத்தைத் திருப்புங்கள்: "அண்ணே, ரெண்டு ஆர்டரையும் ஒண்ணாக் கட்டிட்டோம். தபால் செலவுல 40 ரூபா மீதி, ஜிபேல போட்டாச்சு, பாத்துக்கங்க." அடுத்த ஆர்டரில் கழிக்கிறேன் என்று வைத்தால் இருவருமே மறந்துபோவார்கள், நினைவு வருகிறபோது சண்டையாகத்தான் வரும்.

சொந்தமாக இணையக் கடை வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஷாப்பிஃபை என்ற இணையக் கடைத் தளத்தில் எடைப்படி கட்டணம் வைக்கலாம், ஆனால் கருவாட்டுக்கு ஒன்று, கருப்பட்டிக்கு ஒன்று என்று வெவ்வேறு ஷிப்பிங் புரொஃபைல் (தபால் கட்டணத் தொகுப்பு) போட்டிருந்தால் இரண்டு கட்டணமும் கூட்டி வரும். ஒரே பெட்டியில் போகிறவை எல்லாம் ஒரே புரொஃபைலில் இருக்கட்டும். வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் ஷிப்பிங் கிளாஸ் (பொருள் வகை) வைத்தவர்கள் கணக்கிடும் முறையைப் 'பெர் கிளாஸ்' என்று விட்டால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக வாங்கும். 'பெர் ஆர்டர்' என்று மாற்றினால் அதிகக் கட்டணம் உள்ள ஒரு வகைக்கு மட்டும் வாங்கும். எடைப்படி வேண்டுமானால் அதற்குத் தனி பிளக்இன் (கூடுதல் மென்பொருள்) தேவை. எதை மாற்றினாலும் மூன்று பொருளைக் கூடையில் போட்டு, மதுரைப் பின்கோடு ஒன்றும் டெல்லிப் பின்கோடு ஒன்றும் கொடுத்து நீங்களே பார்த்துவிடுங்கள்.

சிக்கல் வருமிடங்கள்

மூன்றில் ஒன்று தீர்ந்துபோயிற்று என்றால், இரண்டை இப்போதும் ஒன்றைப் பிறகும் அனுப்பும் கூடுதல் செலவு உங்களுடையது. இருப்பைப் பார்க்காமல் காசு வாங்கியது நீங்கள்தானே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. அந்த மாதங்களில் கருவாட்டு இருப்பைத் தினமும் எண்ணி, கேட்டலாகில் மாற்றுங்கள்.

பெட்டியில் ஒன்று மட்டும் கெட்டுப்போய் வந்தால் அந்தப் பொருளின் விலையை முழுதாகத் திருப்புங்கள். தபால் செலவில் அதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கப் போகாதீர்கள், மற்ற இரண்டுக்காகப் பெட்டி எப்படியும் போயிருக்கும். இதை விதியாக முன்பே எழுதி வையுங்கள்.

சேர்த்து அனுப்புவதால் ஒரு அபாயமும் கூடுகிறது: பெட்டி தொலைந்தால் எல்லாம் தொலையும். காப்பீடு இல்லாத பார்சலுக்குக் கிடைக்கும் இழப்பீடு சரக்கின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் காப்பீடு செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் மூன்று பிளை அட்டை தாங்காது. ஐந்து பிளைக்கு மாறினால் பெட்டியின் எடையே கூடும், நோட்டில் அதையும் திருத்த வேண்டும்.

பெட்டி வீட்டுக்குப் போன பிறகு காசு வாங்கும் (கேஷ் ஆன் டெலிவரி) முறையில் சேர்த்து அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தால் போன செலவும் திரும்பும் செலவும் உங்கள் தலையில் விழும். பெட்டி கனமாக இருக்கும் அளவுக்கு அடியும் பலம்.

முகவரியை வெளியே ஒட்டுவதோடு அதே முகவரியும் போன் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போடுங்கள், கூடவே என்னென்ன எத்தனை என்ற பட்டியலும். வெளிமாநிலம் போவதற்கு முகவரி ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டிய தாள் ஊறி மை கரையும், ஆகவே சீட்டின் மேல் அகலமான செல்லோ டேப்பை முழுக்க ஒட்டுங்கள். கட்டி முடித்த பெட்டியைத் தராசில் வைத்து, எடை தெரியும்படி ஒரு படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிட்டு அஞ்சலகத்துக்குக் கிளம்புங்கள். பதிந்த ரசீதை அதற்குக் கீழேயே அனுப்பினால், வாங்கிய 130 எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.